வாயிற்காவலனின் சொல்லை மீறலாமா?

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவது பேதைமை. காண்பதையெல்லாம் நஞ்சென்று அஞ்சுவதும் பேதைமையே. யாரை நம்பலாம், எந்த அளவுக்கு நம்பலாம் என்று ஆராய்ந்து தெளிவதே அறிவுடையோர் செயல். இதனாலன்றோ வள்ளுவப் பெருந்தகை ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்துத் தந்தார்! அரசன் தன் அலுவலரைத் தேர்ந்தெடுப்பதற்காகச் சொல்லப்பட்ட அப்பாடம், இன்று கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டிய பாடமாகி விட்டது.

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதும், தேர்வு முடிவைப் பார்ப்பதும், வருமானச் சான்றிதழ் கேட்பதும், மின் கட்டணம் செலுத்துவதும் இன்று இணையத்தின் வழியாகவே நடைபெறுகின்றன. அவ்வாறு செல்லும் வேளையில், சில நேரங்களில் நாம் தேடிய பக்கம் தோன்றுவதில்லை. அதற்குப் பதிலாகச் சிவப்பு முக்கோணத்தையோ, குறுக்குக் கோடிட்ட பூட்டையோ தாங்கிய வேறொரு திரை தோன்றுகிறது. ‘இத்தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் நம்பத்தக்கதன்று, உங்கள் கடவுச்சொல்லையும் பண விவரங்களையும் பிறர் திருட முயலக்கூடும்’ என்னும் கருத்துப்பட அது நம்மை எச்சரிக்கிறது. திரும்பிச் செல்ல ஒரு பொத்தான் பளிச்சென்று தெரிகிறது. மீறி உள்ளே செல்லும் வழியோ ‘அட்வான்ஸ்டு’ என்ற சொல்லுக்குள் மறைந்து கிடக்கிறது.

இந்த இடத்தில் நம்மில் பலர் செய்வது என்ன? எச்சரிக்கையைப் படிப்பதே இல்லை. மறைந்து கிடக்கும் வழியைத் தேடிப் பிடித்து உள்ளே சென்று விடுகிறோம். ‘அது அப்படித்தான் வரும், அழுத்திவிட்டுப் போ’ என்று அருகிலிருப்பவர் சொல்லிக் கொடுக்கிறார். இப்பழக்கம் பெருந்தீங்கு விளைக்கக் கூடியது என்பதும், இதில் பெரும்பங்கு பொறுப்பு அழுத்துகிறவரைவிட அழுத்தச் சொல்கிறவருக்கே உண்டு என்பதும் மேல்நிலை வகுப்பு மாணவியராகிய எங்களின் கருத்து. அதற்கான காரணங்களை இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

சான்றிதழ் என்பது யாது?

பழைய முறையில் இணையத்தில் அனுப்பப்படும் செய்தி அஞ்சலட்டை போன்றது. வழியிலுள்ள எவரும் அதைப் படிக்கலாம். எழுதியதைத் திருத்தவும் செய்யலாம். முகவரியின் தொடக்கத்தில் ‘எச்.டி.டி.பி.’ என்பதோடு ‘எஸ்’ என்னும் எழுத்தும் சேர்ந்திருந்தால், அது உறையிலிட்டு ஒட்டிய கடிதம் போன்றது. நெட்ஸ்கேப் நிறுவனம் 1995ஆம் ஆண்டு வெளியிட்ட முறை, பிறகு பலரால் திருத்தப்பெற்று இன்றைய வடிவை அடைந்தது.

ஆனால், உறையை நன்றாக ஒட்டினால் மட்டும் போதுமா? கடிதத்தை யார் கையில் கொடுக்கிறோம் என்பதும் தெரிய வேண்டாவா? தபால்காரர் வேடத்தில் திருடன் வந்து நின்றால், ஒட்டிய உறையையும் நாமே அவன் கையில் கொடுத்து விடுவோமே! இந்த ஐயத்தைப் போக்குவதற்காகவே ஒவ்வொரு தளமும் தான் இன்னார் என்று காட்டும் ஒரு சான்றிதழை நம் உலாவியிடம் நீட்டுகிறது.

திருச்சபையில் இதற்கு ஒப்பான வழக்கம் ஒன்று உண்டு. முன்பின் அறியாத குருவானவர் ஒருவர் பங்குக்கு வந்து திருப்பலி நிறைவேற்ற விரும்பினால், அவர் தம் ஆயரிடமோ சபைத் தலைவரிடமோ பெற்ற அறிமுகக் கடிதத்தைக் காட்ட வேண்டும். அக்கடிதம் ஓராண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். 1983ஆம் ஆண்டு வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 903ஆம் சட்டம் இதனைக் கூறுகிறது. பங்குத் தந்தை அக்குருவானவரை அறியார்; ஆயினும் கையொப்பமிட்ட ஆயரை அறிவார். அறிந்தவர் மேலுள்ள நம்பிக்கையே அறியாதவர் மேலும் படர்கிறது.

உலாவியும் இவ்வாறே செய்கிறது. சான்றிதழ் வழங்கும் நிறுவனங்கள் உலகில் பல உள்ளன. அவற்றுள் நம்பத்தக்கவை எவை என்று மொசில்லா, கூகுள், ஆப்பிள், மைக்ரோசாப்ட் முதலியோர் பட்டியல் வைத்துள்ளனர். தளம் நீட்டும் சான்றிதழைக் கையில் வாங்கியதும் உலாவி மூன்று கேள்விகளைக் கேட்கிறது. வழங்கியவர் பட்டியலில் உள்ளவரா? சான்றிதழில் உள்ள பெயரும் நாம் தேடி வந்த பெயரும் ஒன்றுதானா? காலக்கெடு முடியாமல் இருக்கிறதா? இம்மூன்றில் ஒன்று பிழைத்தாலும் வாயிற்காவலன் கையை நீட்டித் தடுத்து விடுகிறான். அதுவே நாம் காணும் எச்சரிக்கைத் திரை.

தடைக்குத் திருடன் மட்டுமா காரணம்?

உண்மையைச் சொல்ல வேண்டும். இத்திரை தோன்றும் ஒவ்வொரு முறையும் திருடன் நிற்கிறான் என்பதில்லை. பெரும்பாலும் சிறு குறையே காரணமாக இருக்கும்.

பழைய கணிப்பொறிகளில் உள்ளிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டால், அதன் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். பல்லாண்டுக்கு முந்தைய தேதியைக் காட்டும் பொறிக்கு, இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்காத சான்றிதழாகத் தோன்றும். ஆகவே நல்ல தளங்களையும் அது தடுக்கும். நேரத்தைத் திருத்தினாலே குறை தீரும்.

மிகப் பழைய கைப்பேசிகளில் நம்பத்தக்கோர் பட்டியலும் பழையதாகவே இருக்கும். 2021ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், எண்ணற்ற தளங்களுக்கு ஆதாரமாயிருந்த ஒரு மூலச் சான்றிதழின் காலம் முடிந்தது. அன்று பழைய கருவிகள் பலவற்றில் நல்ல தளங்களுக்கும் எச்சரிக்கை தோன்றியது.

புகைவண்டி நிலையம் போன்ற பொது இடங்களில் கிடைக்கும் வைஃபை இணைப்பு, முதலில் தன் நுழைவுப் பக்கத்தைக் காட்டுவதற்காக நம்மை இடைமறிக்கும். அதனாலும் இத்திரை வரலாம். இனி, வீட்டிலுள்ள இணையப் பெட்டியின் அமைப்புகளைத் திறந்தால், அது தனக்குத் தானே கையொப்பமிட்ட சான்றிதழைக் காட்டுவதுண்டு. முன்னேற்ற அறிக்கையில் தந்தையின் கையொப்பத்துக்குரிய இடத்தில் மகளே கையொப்பமிட்டு வந்தால் ஆசிரியை ஏற்பாரா? உலாவியும் ஏற்பதில்லை. ஆனால், அந்தப் பெட்டி நம் வீட்டிலேயே, நம் கண்ணெதிரே இருப்பதால், அதை மட்டும் நாம் அறிந்தே ஏற்கலாம்.

‘அப்படியானால் மீறிச் செல்வதில் என்ன தவறு? நூற்றுக்குத் தொண்ணூறு முறை ஒன்றும் நேர்வதில்லையே’ என்று கேட்பார் உளர். எந்த முறை திருடன் நிற்கிறான் என்பது திரையின் தோற்றத்திலிருந்து நமக்குத் தெரியாது என்பதே அதற்கு விடை. பேட்டரி தீர்ந்த போதும் அதே திரை. திருடன் வந்த போதும் ஏறத்தாழ அதே திரைதான்.

நின்று கேட்ட ஒருவர்

2011ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டில் டிஜிநோட்டார் என்றொரு சான்றிதழ் வழங்கும் நிறுவனம் இருந்தது. அந்நாட்டு அரசே அதன் சான்றிதழ்களைப் பயன்படுத்தி வந்தது. அவ்வாண்டின் கோடையில் யாரோ அதன் கணிப்பொறிகளுக்குள் புகுந்து, 500க்கும் மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களைத் தயாரித்துக் கொண்டனர். அவற்றுள் ஒன்று கூகுளின் பெயரில் இருந்தது. பட்டியலில் உள்ள நிறுவனத்தின் முத்திரையே அதில் இருந்ததால், அக்காலத்து உலாவிகள் பெரும்பாலும் அதை நம்பின. ஈரான் நாட்டில் மின்னஞ்சல் பார்த்த மக்களுக்கும் கூகுளுக்கும் இடையே மறைவாக அமர்ந்து, அவர்களின் கடிதங்களைப் படிப்பதற்கு அது பயன்பட்டது. வேலியே உடைந்த பின் பயிருக்கு ஏது காவல்?

ஆயினும் கூகுள் தன் குரோம் உலாவிக்குள், ‘நம் தளங்களுக்குச் சான்றளிப்போர் இன்னின்னார் மட்டுமே’ என்ற குறிப்பை முன்னரே பதித்து வைத்திருந்தது. எனவே குரோம் பயன்படுத்திய ஈரானியர் ஒருவருக்கு ஆகஸ்ட் மாத இறுதியில் எச்சரிக்கை தோன்றியது. அவர் ‘அது அப்படித்தான் வரும்’ என்று அழுத்திவிட்டுப் போகவில்லை. ‘இது ஏன் வருகிறது?’ என்று கூகுளிடமே பொதுவில் கேட்டார். அந்த ஒரு கேள்வியிலிருந்து சூழ்ச்சி முழுவதும் வெளிப்பட்டது. ஏறத்தாழ 3,00,000 இணைய முகவரிகளிலிருந்து வந்தோர் அப்பொய்ச் சான்றிதழை எதிர்கொண்டிருந்தனர் என்றும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஈரானில் இருந்தோர் என்றும் பின்னர் ஆய்வில் தெரிய வந்தது. உலாவிகள் எல்லாம் டிஜிநோட்டாரைப் பட்டியலிலிருந்து நீக்கின. செப்டம்பர் மாதத்திலேயே அந்நிறுவனம் திவாலாயிற்று.

தோழியரே, எண்ணிப் பாருங்கள்! ஒருவர் நின்று கேட்டதால் இலட்சக்கணக்கானோருக்கு நேர்ந்து கொண்டிருந்த தீங்கு வெளியாயிற்று. ஐயம் கொள்வதும் அயலாருக்குச் செய்யும் தொண்டாக அமையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

‘அது எங்கோ நடந்தது’ என்று தள்ளிவிட முடியாது. 2014ஆம் ஆண்டு ஜூலை மாதம் நம் நாட்டின் தேசிய தகவலியல் மையத்தின் பெயரால், கூகுளின் தளங்கள் சிலவற்றுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதைக் கூகுள் கண்டது. மறுநாளே சான்றளிப்பு அமைப்புகளின் கட்டுப்பாட்டு அலுவலகம் அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை நீக்கியது. நம் நாட்டு முத்திரையும் தவறாகப் பயன்படக் கூடும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

கஜகஸ்தானில் நடந்தது மற்றொரு வகை. 2019ஆம் ஆண்டு ஜூலையில் அங்கே, அரசு தரும் சான்றிதழ் ஒன்றைத் தம் கருவியில் தாமே பதித்துக் கொள்ளும்படி குடிமக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். அதைப் பதித்தவரின் செய்திகளை வழியில் திறந்து படிக்க இயலும். ஆகஸ்ட் மாதத்தில் கூகுளும் மொசில்லாவும் ஆப்பிளும் அச்சான்றிதழைத் தம் உலாவிகளில் தடை செய்தன. ஆகவே, ‘இந்தச் சான்றிதழை உன் கைப்பேசியில் பதித்துக்கொள், எச்சரிக்கை வராது’ என்று எவரேனும் சொன்னால், நம் வீட்டுச் சாவியை அவர் கேட்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

‘புலி வருது, புலி வருது’

இத்தனை ஆபத்து இருந்தும் மக்கள் ஏன் மீறுகின்றனர்? அவர்கள் அறிவிலிகளா? அல்லர். புலி வராத நாளிலெல்லாம் ‘புலி வருது’ என்று கூவினால், உண்மையில் வரும் நாளில் எவர் ஓடி வருவார்?

2013ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. அப்போதைய குரோம் உலாவியில் இச்சான்றிதழ் எச்சரிக்கைகளில் 70 விழுக்காடு மீறப்பட்டன. ஃபயர்பாக்ஸ் உலாவியிலோ 33 விழுக்காடே மீறப்பட்டன. ஃபயர்பாக்ஸில் மீறுவதற்குக் கூடுதலாகச் சில படிகளைக் கடக்க வேண்டியிருந்தது. ஒரு முறை ஏற்ற சான்றிதழை அது நினைவில் வைத்துக் கொண்டு, அதே எச்சரிக்கையைத் திரும்பத் திரும்பக் காட்டாமலும் இருந்தது. எச்சரிக்கை எவ்வாறு சொல்லப்படுகிறது, எத்தனை முறை சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்தே மக்கள் அதை மதிக்கின்றனர் என்று இதனால் அறிகிறோம். குரோமும் பின்னர் தன் திரையைத் திருத்தி அமைத்தது.

அவ்வாறெனில், வீண் எச்சரிக்கை தோன்றாதவாறு காப்பது யார் கடமை? தளம் நடத்துவோர் கடமையே. காலம் முடிந்த சான்றிதழைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு, ‘சிவப்புத் திரை வந்தால் அஞ்ச வேண்டாம், அட்வான்ஸ்டு என்பதை அழுத்தி உள்ளே வரவும்’ என்று அறிவிப்பு ஒட்டும் அலுவலகங்களை என்னென்பது! காவலனை மதிக்காதே என்று காவலுக்குரியவரே கற்பிக்கலாமா? அந்த ஓர் அறிவிப்பைப் படித்த மாணவி, நாளை வங்கியின் பெயரில் பொய்த்தளம் வந்து நிற்கும் போதும் அதையே அன்றோ செய்வாள்?

மறதி எளியோர்க்கு மட்டும் உரியதன்று. 2018ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள், எரிக்சன் நிறுவனத்தின் மென்பொருளில் இருந்த ஒரு சான்றிதழ் காலாவதியானதால், இங்கிலாந்தில் ஓ2 நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஏறத்தாழ 3 கோடியே 20 இலட்சம் பேரின் கைப்பேசி இணையச் சேவை தடைப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க அரசு அலுவலகங்கள் பல நிதியின்றி மூடப்பட்டிருந்த போது, அரசுத் தளங்களின் 80க்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் புதுப்பிப்பாரின்றிக் காலாவதியாயின. அவற்றுள் சில தளங்களில் ‘மீறிச் செல்லும் வழி’ அறவே இல்லை. 2012ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட ஒரு விதியின்படி, தளம் நடத்துவோர் விரும்பினால் அவ்வழியை மூடிவிடலாம். மக்கள் சற்றுத் தொல்லைப்பட்டாலும் ஏமாறாதிருக்க இதுவே மேலான ஏற்பாடு.

நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியர் உவமையை நாம் அறிவோம். விளக்கு எல்லாரிடமும் இருந்தது. எண்ணெய்தான் ஐவரிடம் இல்லை. சான்றிதழும் அத்தகையதே. ஒரு முறை வாங்கினால் போதாது. அவ்வப்போது எண்ணெய் வார்க்க வேண்டும். ‘அதற்குப் பணம் ஏது?’ என்று சொல்லவும் இனி இடமில்லை. 2015ஆம் ஆண்டு முதல் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்னும் அறநிறுவன முயற்சி இலவசமாகவே சான்றிதழ் வழங்கத் தொடங்கியது. 90 நாள் செல்லும் அச்சான்றிதழ்களைக் கணிப்பொறி தானே புதுப்பித்துக் கொள்ளவும் அது வழி செய்தது. மேலும், சான்றிதழின் ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து, 2029ஆம் ஆண்டு மார்ச் முதல் 47 நாளாக்குவதென 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் சான்றளிப்போரும் உலாவி நிறுவனத்தாரும் கூடி முடிவெடுத்தனர். ஆகவே, நினைவு வரும்போது கையால் புதுப்பிக்கலாம் என்ற எண்ணத்தைக் கைவிட்டே ஆக வேண்டும்.

பூட்டு மட்டும் போதுமா?

இங்கே மறுபக்கத்தையும் சொல்வது கடன். எச்சரிக்கை தோன்றவில்லை என்பதாலேயே தளம் நல்லது என்று முடிவு செய்யலாகாது. ‘நீ தேடி வந்த முகவரி இதுதான்’ என்று மட்டுமே சான்றிதழ் சொல்லும். ‘இவர் நல்லவர்’ என்று சொல்லாது. வங்கியின் பெயரில் ஓரெழுத்தை மாற்றி முகவரி அமைத்துக் கொண்ட வஞ்சகனும் முறைப்படி சான்றிதழ் பெற்று விடலாம். ஆட்டுத்தோல் போர்த்து வரும் ஓநாய்களைக் குறித்து ஆண்டவர் எச்சரித்தது நினைவிருக்கட்டும். பூட்டுச் சின்னத்தை நல்லொழுக்கச் சான்றாக மக்கள் தவறாகக் கருதியதாலேயே 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் குரோம் அச்சின்னத்தைக் கைவிட்டு வேறொன்றை வைத்தது. ஆகவே முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்கும் வழக்கமும் நமக்கு வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

திரை தோன்றியவுடன் முதலில் நிற்க வேண்டும். பிறகு கணிப்பொறியின் தேதியும் நேரமும் சரியா என்று பார்க்க வேண்டும். முகவரியில் பிழை உண்டா என்று நோக்க வேண்டும். பொது வைஃபையில் இருந்தால் அதை விட்டுவிட்டு நம் கைப்பேசி இணைப்பில் முயல வேண்டும். அப்போதும் திரை மாறாவிடில், வேறு வழியில் அறிந்த தொலைபேசி எண்ணில் அந்த அலுவலகத்தை அழைத்துக் கேட்க வேண்டும். கடவுச்சொல், ஆதார் எண், வங்கிக் கணக்கு, கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண் ஆகியவற்றை அத்திரையைத் தாண்டிச் சென்று எழுதவே கூடாது.

‘இன்றே கடைசி நாள், நிற்க நேரமேது?’ என்னும் கேள்வி நியாயமானதே. உதவித்தொகையை நம்பிப் படிக்கும் எம் தோழியர்க்கு அது சிறு கேள்வி அன்று. அதனால்தான் கடைசி நாள் வரை காத்திராமல் முன்னரே விண்ணப்பிக்கும்படி அவர்களை வேண்டுகிறோம். தளத்தின் குறையால் நாள் தவறினால் காலம் நீட்டித்துத் தருவதும், தாளில் எழுதிய விண்ணப்பத்தைப் பெற்றுக் கொள்வதும் அலுவலகங்களின் கடமை என்பதையும் வலியுறுத்துகிறோம். அவர்களின் மறதிக்கு ஏழை மாணவி தன் பாதுகாப்பைக் கொடுத்து ஈடு செய்ய வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. நம்முள் பலர் வீட்டில் கணிப்பொறி அறிந்தவள் மகள் ஒருத்தியே. ‘நீதானே படித்தவள், நீயே பார்த்துப் போடு’ என்று தந்தை தம் வங்கிப் புத்தகத்தையும் தாய் தம் ஆதார் அட்டையையும் நம் கையில் தருகின்றனர். என்ன அழுத்தினோம் என்று அவர்கள் கேட்பதில்லை; கேட்டாலும் நாம் சொல்வதையே நம்புவர். ஒரு குடும்பத்தின் சேமிப்பும் மானமும் பதினாறு வயதுப் பெண்ணின் விரல் நுனியில் இருக்கின்றன. இந்த நம்பிக்கைக்கு உரியவராக நடப்பது நம் கடன் அன்றோ?

பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம். மகள் திரையின் முன் நின்று தயங்கினால், ‘சீக்கிரம் அழுத்து’ என்று அவசரப்படுத்தாதீர்கள். அவளது தயக்கம் அறியாமையால் வந்ததன்று. எங்களை வழிநடத்தும் அருட்சகோதரியரிடமும் ஆசிரியைகளிடமும் நாங்கள் பணிவுடன் வேண்டுவது இது: கணிப்பொறி வகுப்பில் இத்திரையைப் படித்துப் பொருள் காணும் பாடம் ஒன்றும் இடம்பெறட்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் கணிப்பொறி அறையின் பழைய பேட்டரிகளும் பழைய உலாவிகளும் மாற்றப்படட்டும். ‘அழுத்திவிட்டுப் போ’ என்ற சொல் நம் வளாகத்தில் எவர் வாயிலிருந்தும் வராதிருக்கட்டும்.

ஆடுகள் தம் ஆயனின் குரலை அறியும், அந்நியன் பின் செல்லா என்று மறைநூலில் படிக்கிறோம். குரலை அறிவதற்குச் சற்று நின்று செவி சாய்க்க வேண்டும். அந்தச் சிறு நிற்றலைப் பழகிக் கொள்வோம், பிறர்க்கும் பழக்குவோம்.